கிளடிஸ் வீட்டுக் கரண்டி லாச்சி

மல்வேர்ன், ரொறன்ரோ
ஆவணிக் கடைசி

அன்புள்ள தங்கச்சி தவநாயகிக்கு,

உன் அக்கா குணவதி எழுதுவது. நல்லூரான் அருளால் நானும் உன் அத்தானும் மகன் ராகுலனும் இங்கே உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் பேரப்பிள்ளைகளும் பாரிசில் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கிற நேரம் கும்பிடுகிறேன். உடம்புக்குக் குறையில்லை என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா. மனதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. போன கிழமை நீ போன் எடுத்து, "ஏனக்கா குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டபோது தடிமன் என்று சொன்னேன். தடிமன் இல்லை. போனில் சொன்னால் நீ இடையில் சிரிப்பாய், உன் அத்தான் கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுப்பார். அதுதான் பேனை எடுத்தேன். சிரிக்காமல் வாசி.

கிளடிஸை உனக்குத் தெரியும். உன் மகளின் கலியாணத்துக்கு என்னோடு பாரிசுக்கு வந்து, மணவறையைவிட உயரமாய்க் கொண்டை போட்டு நின்றவள். இந்தக் கட்டிடத்தில் பன்னிரண்டாம் மாடியில் என் பக்கத்துக் கதவு அவளுடையது. இருபது வருசத்துக்கு மேல் ஒரே பஸ்ஸில் ஏறி, பாண் சுடுகிற ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து, ஒன்றாகவே பென்சன் எடுத்தோம். அவள் வேதக்காரி, நான் சைவக்காரி. மார்கழியில் அவளுடைய நத்தார்க் கேக்குக்கு நான் முட்டை அடிப்பேன், என் பொங்கலுக்கு அவள் பயறு வறுப்பாள். அவள் வீட்டுக்குப் போக நான் கதவு தட்டினதே கிடையாது. மிளகாய்த்தூள் விசயத்தில் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது: செத்தல் மிளகாய், மல்லி, சரக்கெல்லாம் வறுக்கிறது அவள், அரைக்கிறது நான். கடைத் தூள் இரண்டு வீட்டிலும் கால் வைத்ததில்லை. வறுக்கிற நாளில் பயர் அலாம் அடிக்காமல் உன் அத்தான் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறுவார். அப்படி விசிறியும் பயர் எஞ்சின் வந்திருக்கிறது. வந்த பெடியள் தும்மித் தும்மியே திரும்பிப் போனார்கள்.

அப்படிப்பட்டவளைத்தான் போன வருசப் பங்குனியில் பறிகொடுத்தேன். அவளுடைய மகன் மாக்கஸுக்குக் கியூபெக்கில் ஒரு சீஸ் தொழிற்சாலையில் பெரிய வேலை. பிரெஞ்சு கதைக்கிற சனம், ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகரம், சுற்றவர வயலும் மாடும். ஊரின் பெயர் செயின்ற் என்று தொடங்கி, அதற்குப் பிறகு வாய்க்குள் அடங்காது. அங்கே எல்லா ஊரும் செயின்ற்தான், எந்தச் செயின்ற் என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. "பெடியன் தனியக் கிடந்து என்னத்தைச் சாப்பிடுவான், கொஞ்ச நாள் நிண்டிட்டு ஓடி வாறன் குணம்" என்று சொல்லிப்போட்டுப் போனாள். போனவள் போனவள்தான். சரி, குளிர் வர வருவாள் என்று இருந்தேன். குளிர் வந்து, போய், வெயிலும் வந்துவிட்டது. அப்போதுதான் அவள் இருந்த வீட்டில் அவளுக்குப் பிறகு குடியிருந்த பெடியன் அந்த மாதக் கடைசியோடு போகிறான் என்று கேள்விப்பட்டேன். கட்டிடத்தைப் பார்க்கிற ஜவ்ஃபர் தம்பி எலிவேற்றருக்குள் வைத்துச் சொன்னார்: "அன்ரி, ஒங்கட சிநேகிதி திரும்பி வாறெண்டா கெதியாச் சொல்லுங்க. நான் ஒபிஸ்ல கதைச்சு வீட்டப் புடிச்சு வெக்கிறன்." அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். போனில் கேட்டால் மழுப்புவாள். நேரே போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வருவது. இல்லாவிட்டால் அந்தக் கதவுக்குள் யாரோ வந்துவிடுவார்கள், பிறகு கிளடிஸ் எனக்கு இல்லை.

வெறுங்கையோடு போகலாமா. பிரெஞ்சுக்காரரின் ஊரில் அவள் தூளுக்கு எங்கே போவாள் என்று நினைத்து, வறுக்கிறவள் இல்லாமல் நானே வறுத்து, நானே அரைத்து, பத்துக் கிலோ கட்டினேன். உன் அத்தானுக்கு அன்றைக்கு விசிறி விசிறித் தோள்மூட்டு இறங்கிவிட்டது. காரில் ஏறினதும் ராகுலன், "அம்மா, திஸ் இஸ் டூ மச். ஐ காண்ட் பிரீத்" என்று யன்னலைத் திறந்தான். யன்னலால் வந்த காற்று பையை ஊதி, பை தூளை ஊதி, கிங்ஸ்ரன் தாண்டுமுன் மூன்று பேரும் தும்மத் தொடங்கினோம். உன் அத்தானுக்கோ வேறு பயம். "பிரெஞ்சுப் பொலிஸ் மறிச்சு இது என்ன தூளெண்டு கேட்டால் என்னப்பா சொல்லுறது?" என்று மொன்றியல் போய்ச் சேருமட்டும் அதே கேள்வி. "சாப்பிட்டுக் காட்டுங்கோ" என்றேன்.

தங்கச்சி, உன்னிடம் ஒளிப்பானேன். அவள் மெலிந்து, கண் குழி விழுந்து, என்னைக் கண்டதும் ஓவென்று அழப்போகிறாள் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனேன். அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட ஆயத்தமாய் இருந்தேன். போய் இறங்கினால், தலையில் வைக்கோல் தொப்பியோடு, கன்னமெல்லாம் சிவந்து, ஒரு சுற்றுப் பெருத்து, கையில் தக்காளிக் கூடையோடு ஒருத்தி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தெருவால் போன கிழவனுக்கு "போன்ஜூர்" என்கிறாள். நாய்க்கும் "போன்ஜூர்" என்கிறாள். வீட்டு வாசலுக்கு நேரே ஆறு. எங்கள் பல்கனிக்கு நேரே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், ஹைவே. பின்பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் சோளம். மாடுகள்கூடக் குளித்து முழுகிப் பூசைக்கு ஆயத்தமானவை மாதிரி நின்றன. அன்றைக்குப் பின்னேரமே எங்களை ஊர் சுற்றிக் காட்டினாள். வெள்ளித் தகடு போட்ட கூரையோடு ஒரு தேவாலயம். அதற்குப் பக்கத்தில் பழைய களஞ்சியம் ஒன்றை நூதனசாலையாக்கி, கலப்பை, பால் வாளி, வைக்கோல் வாரி எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். கலப்பைக்கு முன்னால் உன் அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டார். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்றில்லாவிட்டால் ஒன்றில் குறை கண்டுபிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆற்றில் கொஞ்சம் சேற்று மணம் என்றேன். "ஓம், அது நல்ல மணம் என்ன" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்து தேத்தண்ணி போடப் போன நேரத்தில்தான் உவள் ஒருத்தி வந்தாள். கதவு தட்டவில்லை. மணி அடிக்கவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு குசினிக்குள் நேரே வந்து, கொண்டுவந்த முட்டையை மேசையில் வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது பக்க லாச்சியை இழுத்துத் தேக்கரண்டி எடுத்தாள். நான் அதற்குள் இரண்டு லாச்சியைத் திறந்து பார்த்துவிட்டுக் கரண்டியைக் காணாமல் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைக்காரி, எங்கள் வயதுதான் இருக்கும். கட்டைத் தலைமயிர், றப்பர்ச் சப்பாத்து, தோட்டக்காரரின் கை. "இவ மடாம் ஜினெற்" என்றாள் கிளடிஸ். "எங்கட பக்கத்து வீடு."

பக்கத்து வீடு. அந்தச் சொல்லை அவள் வாயால் என்னைத் தவிர வேறொருத்திக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. உன் அத்தானைக் கலியாணம் கட்டின புதிதில் பார்க்டேலில் நாங்கள் இருந்த கட்டிடத்தில் ஒருத்தி அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தாளே, அவளைக் கண்டபோதுகூட எனக்கு வயிறு இப்படி எரிந்ததில்லை. அந்த மடாம் என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, "கூனா, கூனா" என்று கூப்பிட்டாள். என்னைப் பற்றிக் கிளடிஸ் நிறையச் சொல்லியிருக்கிறாளாம். அவளுடைய இங்கிலிசும் என் இங்கிலிசும் ஒரே அளவு, அதனால் சண்டை பிடிக்கவும் வழியில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன்.

சரி, தூளை எடுத்து வைத்தால் இவளுடைய வாய் அடங்கும் என்று நினைத்து, பத்துக் கிலோவையும் தூக்கி மேசையில் வைத்தேன். கிளடிஸ் பையைத் தடவிப் பார்த்தாள். "ஐயோ குணம், ஏன் மினக்கெட்டனி. எங்களிட்டைக் கிடக்கே" என்றாள். எங்களிட்டை. மடாமின் களஞ்சியத்தில் மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாணியாய்க் காய்ச்சுகிற பெரிய இரும்புத் தட்டு இருக்கிறதாம். அதில் போட்டு இரண்டு பேரும் சேர்ந்து வறுக்கிறார்களாம். நாலு பக்கமும் திறந்த இடம், அலாமும் இல்லை, பயர் எஞ்சினும் இல்லை, கதிரையில் ஏறி நிற்க ஒரு புருசனும் தேவையில்லை. அரைக்கிறது மடாம். என்னுடைய வேலை, தங்கச்சி. அந்த மடாம் எனக்கு முன்னாலேயே ஒரு அவித்த முட்டையை வெட்டி, அதன் மேல் எங்கள் தூளைத் தூவி, கண் கலங்காமல் சாப்பிட்டாள். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவள் மாதிரி நான் நின்றேன். அவர்களுடைய தூளை விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இதை நீ எங்கும் சொல்லிப்போடாதே.

அடுத்த நாள் மடாம் வீட்டு வளவில் சோளம் உரிக்கிற கொண்டாட்டம். அறுவடைக் காலத்தில் அயலட்டை முழுக்கக் கூடியிருந்து சோளப்பொத்தி உரித்து, அவித்து, வெண்ணெய் பூசிச் சாப்பிடுவது அங்கே பரம்பரை வழக்கமாம். நான் போகமாட்டேன் என்று சொல்லத்தான் இருந்தேன். ஆனால் மடாமும் கிளடிஸும் பக்கத்தில் பக்கத்தில் கதிரை போடுவதைக் கண்டதும், நடுவில் என் கதிரையைக் கொண்டுபோய்ச் செருகினேன். உரிக்கத் தொடங்கினோம். பாண் தொழிற்சாலையில் பெல்ற்றோடு ஓடின கை என்னுடையது, தெரியும்தானே. மடாம் ஒன்று உரிக்க நான் இரண்டு உரித்தேன். அவள் அதைக் கண்டு கெதியாய் உரிக்க, நான் அதைவிடக் கெதியாய் உரித்தேன். கிளடிஸ், "ஆறுதலா உரி குணம், ஒருத்தரும் சம்பளம் தரமாட்டினம்" என்றாள். அந்த நேரம் பார்த்து என் கையில் ஒரு பொத்தி வந்தது. தோலை இழுத்தால் உள்ளே மணியெல்லாம் இரத்தச் சிவப்பு.

அழுகல் என்றுதான் நினைத்தேன். வேறு யாராய் இருந்தாலும் தூக்கிப் பிடித்து "இதென்ன இது" என்று கேட்டிருப்பார்கள். எங்களுக்கு அப்படிப் பழக்கமில்லையே. போன வீட்டுச் சாப்பாட்டில் மயிர் கிடந்தாலும் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடுகிற சாதி நாங்கள். அதனால் மரியாதையாய் அதை மடியில் மறைத்தேன். உண்மையில் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் குவியலில் ஏன் அழுகல் கிடக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்து, மடாம் அந்தப் பக்கம் திரும்பின நேரம் பார்த்து, அதை மெல்ல அவளுடைய குவியலுக்குள் தள்ளிவிட்டேன். இவள் வளர்த்த சோளத்தின் வண்டவாளத்தைக் கிளடிஸ் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மடாம் திரும்பி அதைக் கண்டாள். கண்டதும் எழும்பி நின்று அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். வளவு முழுக்கக் கை தட்டினது. ஒரு மனிசன் அக்கோடியன் வாசிக்கத் தொடங்கினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாக்கஸ்தான் வந்து, "அன்ரி, சிவப்புப் பொத்தி வாறது ஆயிரத்தில ஒண்டு. அது ஆரின்ர கையில வருதோ அவதான் இண்டைக்கு ராணி. ராணி தனக்குப் பிடிச்ச ஆளைக் கொஞ்சலாம்" என்று விளக்கினான். சோளத் தோலால் பின்னின முடி ஒன்றைக் கொண்டுவந்து மடாமின் தலையில் வைத்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்கு பிடிக்கப் போய் அவளுக்கு ராணி வேசம் கட்டிவிட்டேன். ராணி அந்த வளவில் இருந்த எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எனக்கு மேலால் எட்டிக் கிளடிஸின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். உன் அத்தான் முன்வரிசையில் நின்று கை தட்டினார். வீட்டுக்கு வந்து அவரோடு நான் கதைக்கவில்லை. ஏன் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

வெளிக்கிடுகிற நாள் காலமை கிளடிஸைத் தனியே ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்சம் நடந்துவிட்டு ஒரு மர வாங்கில் குந்தினோம். சுற்றி வளைக்கத் தெரியாதே எனக்கு. "கிளடிஸ், உன்ர வீடு வெறுமையாகுது. ஜவ்ஃபரிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன். உடுப்பை எடு, போவம்" என்றேன்.

"நான் வரேல்லைக் குணம்."

"மாக்கஸுக்குச் சமைக்க வேணுமெண்டோ?"

"அவன் சமைக்கப் பழகியிட்டான். இப்ப எனக்கும் சேர்த்துச் சமைக்கிறான்."

"அப்ப ஏன்?"

"எனக்கு இஞ்சை பிடிச்சிருக்கு."

வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் நான் எதிர்க்கதை கதைத்திருப்பேன். குளிர் என்றால் குளிருக்கு ஒரு பதில் இருக்கிறது, மகன் என்றால் மகனுக்கு ஒரு பதில் இருக்கிறது. "அங்கை எனக்கு ஆர் இருக்கினம் எண்டு யோசிச்சியே?" என்று கேட்டேன். "உனக்கு அவர் இருக்கிறார், ராகுலன் இருக்கிறான்" என்றாள். "நான் அவையளைக் கேட்கேல்லை" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு அந்த வாயாலேயே, "நீ வந்து ஒரு மாதம் நில்லன் குணம். ஜினெற்றுக்கும் உன்னை நல்லாப் பிடிச்சுக்கொண்டுது" என்றாள். கையை இழுத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

வரும்போது மடாம் ஒரு பெரிய போத்தல் மேப்பிள் பாணி தந்து, மறுபடி இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். காரில் ஏறி வெளிக்கிட்டோம். ஒரு கட்டத்தில் உன் அத்தான், "நல்ல சனம் என்ன" என்றார். காரை நிப்பாட்டச் சொன்னேன். ராகுலன் நிப்பாட்டவில்லை, "அப்பா, ப்ளீஸ், நொட் நவ்" என்று மட்டும் சொன்னான்.

ஆகவே தங்கச்சி, கிளடிஸ் என்று எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், இனி இல்லை. வீட்டை யாருக்கென்றாலும் கொடுக்கச் சொல்லி ஜவ்ஃபரிடம் சொல்லிவிட்டேன். யாரோ புதிதாய்க் கலியாணம் கட்டின சோடி வந்திருக்கிறது, இரண்டும் கதவைப் பூட்டிச் சங்கிலியும் போடுகிற பிறவிகள். வாட்ஸ்அப்பில் கிளடிஸ் போடுகிற படங்களை நான் பார்ப்பதில்லை. நேற்றுப் போட்ட பூசணிக்காயையும் பார்க்கவில்லை, அதற்குப் பக்கத்தில் நீலச் சட்டையோடு நின்ற உந்த மடாமையும் பார்க்கவில்லை. அவளைப் போல ஒரு கள்ளி அந்த ஆற்றின் இரண்டு கரையிலும் இல்லை. அந்தக் கண்டறியாத செயின்ற் ஊருக்கு இனிச் செத்தாலும் போகமாட்டேன். பாணிப் போத்தலையும் திறக்கவில்லை, உன் அத்தான் ஒளித்துக் குடிக்கிற அளவு மட்டும் குறைந்திருக்கிறது.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பைச் சொல்லு, முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசச் சொல்லு. பேரப்பிள்ளைகள் நூறு வயதுக்கு வாழ்ந்து, நல்லவர்களை அயலாகப் பெற்று, பெற்ற அயலைப் பிறத்தியாருக்குப் பறிகொடுக்காமல் இருக்க இந்தப் பெரிய அம்மம்மா ஆசீர்வதிக்கிறேன்.

உன் உடன்பிறந்த அக்கா,
குணவதி

பிற்குறிப்பு: உறையை ஒட்டி வைத்துவிட்டுத் தபாற்கந்தோருக்கு வெளிக்கிட்ட நேரம் போன் அடித்தது. அதனால் உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். பேசினது மடாம் ஜினெற். மாக்கஸிடம் நம்பர் வாங்கினாவாம். "கூனா," என்றா, "கிளடிஸ் நோ கம்." எங்கே வரவில்லை என்று கேட்டேன். "மை ஹவுஸ். மோர்னிங் நோ கம். ஈவினிங் நோ கம்." சொல்லிப்போட்டு அழத் தொடங்கிவிட்டா, பாவம். விசாரித்துப் பார்த்தால், தேவாலயத்துக்குப் புதிதாய்க் கமரூன் நாட்டுக்காரி ஒருத்தி வந்திருக்கிறாளாம். அவளிடம் மர உரலும் உலக்கையும் இருக்கிறதாம். கிளடிஸ் இப்போது விடிந்தால் பொழுதுபட்டால் அங்கேதானாம், இரண்டு பேரும் மாறி மாறித் தூள் இடிக்கிறார்களாம். மடாமின் இரும்புத் தட்டுக் களஞ்சியத்தில் சும்மா கிடக்கிறதாம். தேவாலயத்து வாசலில் வைத்து அந்தப் பூசணிக்காய்ப் படம் எடுத்ததுகூடக் கமரூன்காரிதானாம். முதலில் எனக்கு நல்லா வேணும் என்றுதான் இருந்தது. பிறகு மடாம், "கூனா, ஒன்லி யூ அண்டர்ஸ்டாண்ட்" என்றா. அதோடு நானும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிளடிஸின் குணத்தைப் பற்றி இரண்டு பேரும் மனம்விட்டுக் கதைத்தோம். அவளுடைய கொண்டையைப் பற்றிச் சொல்ல எனக்கு இங்கிலிசு போதவில்லை, ஆனால் மடாமுக்கு விளங்கிவிட்டது. இப்படி வாய் நிறையக் கதைத்து எத்தனையோ மாதம். எவ்வளவு நல்ல மனுசி, தங்கச்சி. மேலே அவவைப் பற்றி நான் எழுதின இடங்களையெல்லாம் பேனையால் வெட்டிவிடு. வெள்ளிக்கிழமை பஸ் எடுத்து இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். ராகுலனின் அறையைக் கூட்டித் துடைத்தாயிற்று. உன் அத்தான், நல்ல சனமென்று தான் அப்போதே சொன்னதாக வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நயாகராவுக்குப் போய், நானும் மடாமும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்று படம் எடுத்து, அதைக் கிளடிஸுக்கு அனுப்பப் போகிறோம். அதுவரைக்கும் அவள் போன் எடுத்தால் நீ மூச்சு விடக் கூடாது. கொஞ்சம் எரியட்டும் அவளுக்கும்.